புல்லட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர்

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் கூட்டின் மேல் இரண்டு வட்டங்கள் உண்டு. பெரியது வேகம் காட்டும் ஸ்பீடாமீட்டர். சின்னது அம்மீட்டர். பாட்டரிக்குள் மின்சாரம் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்று சொல்வது அதன் வேலை. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்து, 1955-ல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தின் மூலம் திருவொற்றியூரில் இந்தியப் பிரஜையாகிவிட்ட வண்டி அது. ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை வேகமும் மின்சாரமும் மட்டுமே என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. ரெடிச்சின் மழையிலும் குளிரிலும் இது ஒரு குறையாகவே தோன்றியிருக்காது. அதே இன்ஜின் மே மாதத்து ஜெய்சால்மர் சாலையில் ஓடும்போது கதை வேறு.

இப்போது இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் அந்தக் குறையைத் தாங்களாகவே தீர்த்துக்கொள்கிறார்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு வெப்பமானி, எண்ணெய்க்கு ஒன்று, எண்ணெயின் அழுத்தத்துக்கு ஒன்று, போதாக்குறைக்கு ஒரு வோல்ட்மீட்டர். சில வண்டிகளின் ஹேண்டில்பாரைப் பார்த்தால் ஓட்ட லைசென்ஸ் போதுமா, விமானி உரிமம் வேண்டுமா என்று சந்தேகம் வருகிறது. நாற்பது, ஐம்பது வருடம் மீட்டர் இல்லாமலே ஓடிய வண்டிக்கு இத்தனை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி நியாயமான கேள்விதான். இந்த மீட்டர்களில் பாதிக்கு மேல் அலங்காரம். ஆனால் ஒன்று, அதாவது சிலிண்டர் ஹெட்டின் வெப்பநிலையைக் காட்டுவது, சில வருடங்களாக அவசியமாகிவிட்டது என்பது என் கட்சி. அதற்குக் காரணம் வண்டியில் இல்லை, பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சூடு என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். புல்லட் 350-ன் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பழைய வண்டிகளில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டன் அலுமினியக் கலவை. சூடேறினால் இரண்டும் விரியும், ஆனால் சமமாக விரியாது. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் பிஸ்டன் தன் வீட்டைவிட சுமார் 0.08 மில்லிமீட்டர் அதிகமாகப் பருத்துவிடும். ஒரு தலைமயிரின் கனம் அது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் விடப்படும் சந்தே ஒரு மயிரிழை, இரண்டு மயிரிழைக் கணக்குதான். போதாததற்கு, காற்றில் குளிரும் சிலிண்டரைவிட நெருப்பின் கீழே நிற்கும் பிஸ்டன் எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கிறது. சந்து தீர்ந்ததும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கிறது. பட்டறைகளில் 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்கள். ஓடும் வண்டியில் இது நடந்தால் பின்சக்கரம் அப்படியே நின்று இழுபடும். கிளட்ச்சைப் பிடிக்க நேரம் கிடைத்தவர் பிழைத்தார்.

காரில் இந்த வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. புல்லட்டுக்கு ரேடியேட்டர் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடு தகடான மடிப்புகளும் எதிர்க்காற்றும் மட்டுமே கதி. வண்டி நகர்ந்தால் காற்று உண்டு, நின்றால் இல்லை. அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறப்பதற்கு முன் மணாலியிலிருந்து லே போக 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும். கோடை சீசனில் அங்கே லாரிகளுக்கும் டூரிஸ்ட் டாக்ஸிகளுக்கும் நடுவே முதல் கியரில் ஊர்ந்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுற்றிலும் பனி, கைவிரல் விறைக்கும் குளிர், காலுக்கு நடுவே மட்டும் அடுப்பு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்று குளிராக இருந்தாலும் சூட்டை எடுத்துக்கொண்டு போக அதில் சரக்கு போதாது.

அப்படியானால் இத்தனை வருடம் எப்படி ஓட்டினார்கள்? மீட்டர் இல்லாமல் இல்லை. அது மனிதரிடம் இருந்தது. வட இந்தியப் பட்டறைகளில் மூத்த மெக்கானிக்கை உஸ்தாத் என்று அழைப்பார்கள். சங்கீத வித்வானை அழைக்கிற அதே சொல். மணாலியில் அப்படி ஓர் உஸ்தாத் வேலை செய்வதை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து நிற்கும் வண்டியின் சிலிண்டருக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுவார். காதைச் சாய்த்து டாப்பெட் சத்தத்தைக் கேட்பார். சைலன்சர் பக்கம் மூக்கைக் கொண்டுபோவார். கையை நனைத்து இன்ஜின் மடிப்பில் இரண்டு சொட்டுத் தெறிப்பார். சொட்டு உட்கார்ந்து ஆவியாகிறதா, துள்ளி ஓடுகிறதா என்பதில் அவருக்கு ஒரு கணக்கு. (சொட்டுதான், சூடான வார்ப்பிரும்பின் மேல் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் விரிசல் விடலாம்.) இதையெல்லாம் செய்துவிட்டு, வண்டிக்கு வெறும் சூடா அல்லது காய்ச்சலா என்று சொல்லிவிடுகிறார்.

இந்த வித்தை புத்தகத்தில் இல்லை. முப்பது வருடம் ஒரே இன்ஜினைக் கேட்டவரின் காது அது. கார்புரேட்டர் போய், எரிபொருளை கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் வண்டிகள் வந்த பிறகு, புதிய மெக்கானிக்குகளுக்கு அந்தக் காது தேவைப்படவில்லை. மறுபுறம், நாற்பது வயது வண்டியை ஆசைப்பட்டு வாங்கும் இன்றைய இளைஞர், அதற்கு முன் கார்புரேட்டரைத் தொட்டிருக்கவே மாட்டார். உஸ்தாத்கள் குறைந்து, சிஷ்யர்கள் கூடிவிட்ட இந்த நேரத்தில்தான் மீட்டருக்கு வேலை வருகிறது.

இனி பெட்ரோல் பங்க் விஷயம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை இந்தியா 2025-ல் எட்டியது. முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கு அது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் பங்க்குகளில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. பழைய வண்டிக்கு இதனால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை என்கிறது அரசு. வண்டி நாசமாகிவிடும் என்கிறது டீக்கடை. ரப்பர் குழாய்களும் வாஷர்களும் கெடுமா என்பது தனி விவகாரம். சூடு சம்பந்தப்பட்ட கணக்கு இதுதான்: பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அது தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கிறது. இருபது சதவீதக் கலவைக்கு சுமார் 13.5 கிலோ. புது வண்டியில் உள்ள சென்சார் இதைக் கண்டுபிடித்து எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிவிடும். பழைய புல்லட்டின் கார்புரேட்டரில் இருப்பது ஒரு பித்தளைத் துளை. ஜெட் என்று பெயர். அதற்கு எத்தனால் தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். விளைவு, கலவை சுமார் 8 சதவீதம் நீர்த்துப்போகிறது. மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள். லீனாக ஓடும் காற்றுக் குளிர்ச்சி இன்ஜின் சூடேறும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம்.

ஆனால் எத்தனாலுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிக அதிகமான வெப்பத்தை உறிஞ்சும். அதனால் உள்ளே போகும் கலவை குளிர்கிறது. மேலும் நம் பழைய வண்டிகளில் பல, ஜெட் தேய்ந்து, தேவைக்கு மேல் பெட்ரோல் குடித்துக்கொண்டிருப்பவை. அவற்றுக்குக் கொஞ்சம் நீர்த்துப்போவது நன்மையாகவே முடியலாம். ஒன்று சூட்டை ஏற்றுகிறது, மற்றவை இறக்குகின்றன. எது வெல்லும்? அமைச்சக அறிக்கையிலோ டீக்கடையிலோ இதற்குப் பதில் கிடையாது, ஏனென்றால் பதில் வண்டிக்கு வண்டி வேறு. உங்கள் வண்டியின் ஹெட்டில் ஒரு வெப்பமானி இருந்தால் பத்து கிலோமீட்டரில் தெரிந்துவிடும். சூடு கூடியிருந்தால் அடுத்த அளவு பெரிய ஜெட்டைப் போட்டு மறுபடி அதே பத்து கிலோமீட்டரை ஓட்டிப் பார்க்கலாம்.

கருவி எளிமையானது. இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் மெல்லிய மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் தாமஸ் ஸீபெக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கவனித்தது இது. தெர்மோகப்பிள் என்று பெயர். அதிகம் புழங்கும் ரகத்தில் டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். 200 டிகிரி வித்தியாசத்துக்கு 8 மில்லிவோல்ட் கிடைக்கும். ஒரு நுட்பமான முள்ளை அசைக்க இதுவே போதும் என்பதால் முள் வைத்த மீட்டருக்கு பாட்டரியே வேண்டாம். 6 வோல்ட் பாட்டரியோடு இருக்கும் பழைய வண்டிகளுக்கு இது வரப்பிரசாதம். 12 வோல்ட் கேட்கும் டிஜிட்டல் மீட்டர்கள் அவற்றில் வேலை செய்யாது. தெர்மோகப்பிளின் முனையில் மோதிரம் போன்ற ஒரு வளையம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வாஷரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வளையத்தை வைத்து முறுக்கினால் முடிந்தது.

முடிந்தது என்றேன். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கம்பி நீளமாக இருக்கிறது என்று வெட்டிச் சுருக்கக் கூடாது. பாட்டரி இல்லாத மீட்டர்களில் அந்தக் கம்பியின் மின்தடையையும் சேர்த்துத்தான் அளவு குறித்திருப்பார்கள். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுங்கள். இரண்டாவது, யாரும் கவனிக்காதது. தெர்மோகப்பிள் தெரிவிப்பது சூட்டை இல்லை, சூடான முனைக்கும் மீட்டர் இருக்கும் முனைக்கும் உள்ள வித்தியாசத்தை. மலிவான மீட்டர்கள் தங்கள் முனை 24 டிகிரியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு எண்ணைக் காட்டும். ஆக, 44 டிகிரி ராஜஸ்தான் வெயிலில் அது 20 டிகிரி குறைத்துச் சொல்லும். எப்போது உண்மை மிக அவசியமோ அப்போது பொய். லடாக்கில் 4 டிகிரி குளிரில் அதே மீட்டர் 20 கூட்டிச் சொல்லி வீணாகப் பயமுறுத்தும். இதைச் சரிக்கட்டும் ஏற்பாடு உள்ள மீட்டர்களும் உண்டு. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

வாங்கியதைச் சோதிக்க, கொதிக்கும் தண்ணீரில் வளையத்தை முக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். 100 காட்ட வேண்டும் என்பார்கள். கடலோர ஊர்களில் சரி. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். மீட்டரில் கோளாறு என்று அங்கே முடிவு செய்தால், கோளாறு மீட்டரில் இல்லை. எண்ணை எங்கே நின்று படிக்கிறோம் என்பது முக்கியம். யார் எழுதிய எண் என்பதும்தான். லேயிலிருந்து போகும் கார்துங் லா கணவாயில் 18,380 அடி என்று பல வருடம் பலகை வைத்திருந்தார்கள். புல்லட்டில் போனவர்கள் எல்லாம் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பனியன்களில்கூட அந்த எண் அச்சாகியது. பிற்பாடு செயற்கைக்கோள் உதவியோடு அளந்தபோது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி என்று தெரிந்தது. கிட்டத்தட்ட 800 அடி பலகையிலேயே ஏறியிருந்தது!

இனி, எந்த எண்ணில் பயப்பட வேண்டும்? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நேரான பதில் இல்லை. லைகாமிங் நிறுவனத்தின் பல விமான இன்ஜின்களுக்கு ஹெட்டின் உச்சவரம்பு 260 டிகிரி என்று கையேட்டிலேயே இருக்கிறது. புல்லட்டோடு வரும் கையேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. அலுமினியம் 200 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும் என்பது பொது அறிவு. பிளக்குக்கு அடியில் உள்ள வளையத்தில் பிளக்கின் சூடும் சேர்ந்துவிடுகிறது என்பதால் அந்த எண்ணை அப்படியே ஹெட்டின் எண்ணாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. தமிழில் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பாடநூல் மொழிபெயர்ப்பவர்கள் படாத பாடு படுகிறோம். பட்டறையில் இரண்டும் சூடுதான். ஆனால் மீட்டர் பண்டிதர் கட்சி. ஒரு குறிப்பிட்ட புள்ளியின் வெப்பநிலையைத் தவிர வேறு எதையும் அது சொல்வதில்லை.

ஆகவே ஊரார் எண்ணைக் கேட்பதைவிட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது மேல். ஒரே சாலை, ஒரே வேகம், அன்றைய வெயில், முள் நின்ற இடம். இருபது நாள் எழுதினால் உங்கள் வண்டியின் இயல்பு தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் அதே சாலையில் 30 டிகிரி கூடினால் காரணம் தேட வேண்டும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே காற்று கசியலாம், ஜெட்டில் தூசு அடைத்திருக்கலாம், பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கலாம். மடிப்புகளில் சேறு காய்ந்து அடைத்திருந்தாலும் போதும். அம்மீட்டரையும் நம் முன்னோர் இப்படித்தான் கற்றார்கள். சிக்னலில் ஹெட்லைட்டோடு நின்றால் முள் கழித்தல் பக்கம் சாயும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மறுபக்கம் போகும் என்பது பழகிய பின் யாரும் அதைப் பார்த்துப் பதறியதில்லை.

எண்ணெய்க்கான வெப்பமானியும் நல்லதுதான், ஆனால் அது வேறு ரகம். ஹெட் தோசைக்கல் என்றால் எண்ணெய் அண்டா. கல் சில நொடிகளில் காய்ந்துவிடும், அண்டாவுக்கு நேரம் பிடிக்கும். மலை ஏறும்போது உடனே எச்சரிப்பது ஹெட்டின் முள். எண்ணெய் முள், அரை மணி நேரமாக நீங்கள் வண்டியை என்ன பாடு படுத்தினீர்கள் என்று சாவகாசமாகச் சொல்லும். 90 முதல் 110 டிகிரி வரை எண்ணெய்க்கு உகந்தது. அதற்கு மிகவும் கீழேயே எப்போதும் ஓடினாலும் நல்லதில்லை, எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. கடைவீதிக்குப் போய்த் திரும்புவதோடு சரி என்று வைத்திருக்கும் வண்டிகளுக்கு இந்தச் செய்தி.

எண்ணெய் அழுத்த மீட்டர் மட்டும் வேண்டாம் என்பேன். பழைய புல்லட்டின் எண்ணெய் ஓட்டமே குறைந்த அழுத்தத்தில் நடப்பது. இன்ஜின் சூடேறி ஐடிலில் நிற்கும்போது முள் பூஜ்யத்தைத் தொட்டுத் துடிக்கும். பார்ப்பவருக்கும் துடிக்கும். எண்ணெய் மேலே ஏறுகிறதா என்று தெரிய வேண்டுமானால், ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினால் எண்ணெய் கசிந்து காட்டும். ஒரு ஸ்பானர் செலவு.

மீட்டர் பொருத்தவே மனமில்லாதவர்களுக்கு வெப்பத் துப்பாக்கி இருக்கிறது. 2020-ல் கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதன் உறவுக்காரன். அதே துப்பாக்கி உதவாது, அதற்கு மனிதக் காய்ச்சலைத் தாண்டி எண்ணத் தெரியாது. தொழிற்சாலை ரகம் வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது ஏமாந்து குறைத்துக் காட்டும் என்பதால், ஹெட்டில் மறைவான ஓரிடத்தில் மங்கலான கறுப்பு ஹீட் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதை மட்டும் குறிபாருங்கள். வண்டியை நிறுத்திய பிறகே அளக்க முடியும் என்பது இதன் குறை.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஹெட்லைட் கூட்டிலேயே மூன்றாவது வட்டம் ஒன்றைத் துளைத்துவிட்டால் அழகாக இருக்கும் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் முடிந்து, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டி 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு பெறலாம். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, வின்டேஜ் ராலி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம், தினசரி ஓட்ட முடியாது. சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. பிளக்குக்கு அடியில் ஒரு வளையம் பெரிய மாற்றமாகாது. ஆனால் அசல் உலோகத்தில் போட்ட துளையை எந்த மெக்கானிக்காலும் திரும்ப எடுக்க முடியாது. வின்டேஜ் பதிவே வேண்டாம் என்பவர்கள்கூட, அடுத்து வாங்கப்போகிறவரை நினைத்துப் பார்க்கலாம்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒரு சின்ன இரும்புப் பட்டையை மாட்டி, நடுவில் ரப்பர் கொடுத்து மீட்டரை அதன் மேல் வைத்தால் போதும். ரப்பர் கட்டாயம். 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் ஒற்றைப் பிஸ்டன் கொடுக்கும் அதிர்வில், ரப்பர் இல்லாத முள் 150-க்கும் 190-க்கும் நடுவே நடனமாடும். கம்பியைப் பெட்ரோல் டாங்குக்கு அடியில், அசல் வயர்களோடு சேர்த்துக் கட்டிவிடலாம். கண்காட்சி நாளில் இரண்டு போல்ட்டைக் கழற்றி மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, வளையத்தை எடுத்துவிட்டுப் பழைய வாஷரைத் திரும்ப வைக்கக் கால் மணி நேரம் ஆகும். வாஷரைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.